சத்தத்தால் அறிந்த விமானங்கள்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்துக் குத்தி விற்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மடு, முன்னேஸ்வரம், கொழும்பு என்று மூன்று நாட்கள் போய் வந்தோம். கோயில்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, இரத்மலானையில் உள்ள விமானப்படை நூதனசாலைக்கு நாங்கள் போன கதையை.

"உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்கும் முதலில் அதே எண்ணம்தான் வந்தது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் போன பிறகும், வானத்தில் இரைச்சல் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்க்கிறவள் நான்.

எங்கள் மாதர் சங்கத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு வான் பிடித்தோம். பெண்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் மூன்று பேர். என் தங்கையின் மகளும் வந்தாள். தரம் 10 இல் படிக்கிறாள். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளை. பங்கர் என்பது அவளுக்கு நாங்கள் சொல்லும் கதை மட்டுமே. விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கொப்பி முழுவதும் விமானப் படம்தான்.

பயணத் திட்டம் போட்ட அன்று அவள்தான் கேட்டாள்.

"பெரியம்மா, கொழும்புக்குப் போறது எண்டால் இரத்மலானைக்கும் போவமே? அங்க விமான நூதனசாலை இருக்கு."

சங்கத்தின் பொருளாளர் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதைக் கண்டு ஓடின ஓட்டம் காணாதோ? இனிக் காசு குடுத்து ரிக்கற் எடுத்துப் பாக்கிறதோ?" என்றார். எல்லோரும் அவர் பக்கம்தான். அப்போது மூலையில் இருந்த மாமி மெல்லச் சொன்னார். "இரத்மலானை எண்டால் நானும் வாறன். எனக்கு அந்த இடத்தை ஒருக்காப் பாக்க வேணும்."

மாமி என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் அவர், சங்கத்தில் வயதில் மூத்தவர். எதையும் வேண்டும் என்று கேட்டு நாங்கள் கண்டதில்லை. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

விடியப்புறம் நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். மன்னார் வீதியில் முழங்காவிலைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. மேற்கே கடல் இருக்கும் பக்கத்தை மாமி பார்த்தபடியே வந்தார். அந்தக் கடலில்தான் எங்கள் பூநகரிப் பிரிவுக்குச் சேர்ந்த இரணைதீவு இருக்கிறது. 1992 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்த மக்கள், பெண்கள் முன்னுக்கு நின்று நடத்திய போராட்டத்தின் பின், 2018 ஏப்ரலில் படகேறித் தங்கள் மண்ணில் போய் இறங்கினார்கள். மாமி அதைத்தான் நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் நினைத்தது வேறு என்பது இரண்டாம் நாள் இரவுதான் தெரிந்தது.

மடுவில் ஒரு நாள். அடுத்த நாள் மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் வழியாகச் சிலாபம் வந்து முன்னேஸ்வரத்தில் கும்பிட்டோம். கட்டுநாயக்காவைக் கடக்கையில் ஒரு பெரிய விமானம் தாழப் பறந்து இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நாங்கள் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரவு வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டில் தங்கினோம். பாய் போட்டுப் படுத்த பிறகு மாமி தன் கதையைச் சொன்னார். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்பே இங்கே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

1998 இல் மாமியின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அப்போது கண்டி வீதி மூடிக் கிடந்த காலம். கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், இல்லையென்றால் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். மாமியின் மூத்த மகளுக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. விசா அலுவலுக்காக அவள் கொழும்புக்குப் போக வேண்டும். பயணத்துக்கென்று மாமி தன் கையாலேயே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். 1998 செப்ரெம்பர் 29 ஆம் திகதி, லயன் எயார் நிறுவனத்தின் 602 ஆம் இலக்க விமானத்தில் அவள் ஏறினாள். பயணிகள் 48 பேர், பணியாளர்கள் 7 பேர். பலாலியிலிருந்து மேலெழுந்து சில நிமிடங்களில் தொடர்பு அறுந்தது. ஏவுகணையால் தாக்கப்பட்டுக் கடலில் விழுந்ததாகச் சொல்லப்பட்டது. யாரும் திரும்பவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2012 இல், இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் அந்த விமானத்தின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பாகங்களை மேலே எடுத்தார்கள். கூடவே கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் பார்க்க வைத்தார்கள். மாமியும் போனார். சட்டை தைத்தபோது மிஞ்சிய வெட்டுத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துணியாகப் பார்த்துப் பார்த்து வந்தாராம்.

"சில பேருக்குக் கிடைச்சுது. அவை அழுதினம். எனக்கு அழவும் ஒண்டும் கிடைக்கேல்லை" என்றார்.

பூநகரிக் கரையில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் மகள் அங்கேதான் இருக்கிறாள் என்று நினைப்பாராம். ஆனால் அவள் இறங்கியிருக்க வேண்டிய இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அன்றிரவு எங்களில் யாருக்கும் சரியாக நித்திரை வரவில்லை.

காலையில் காலி வீதியால் தெகிவளை, கல்கிசை கடந்து இரத்மலானைக்குப் போனோம். எங்களில் இரண்டு பேர் உள்ளே வர விரும்பவில்லை. வானிலேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலம் இருக்கிறது.

இந்த இரத்மலானைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1935 நவம்பர் 27 ஆம் திகதி இங்கே முதன்முதலில் வந்து இறங்கிய விமானம் சென்னையிலிருந்து பறந்து வந்தது. 1947 டிசெம்பர் 10 இல் 'எயார் சிலோன்' தன் முதற் பயணத்தைத் தொடங்கியதும் இங்கிருந்துதான். அந்த விமானம் காங்கேசன்துறைப் பக்கம், அதாவது பலாலியில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அந்த நிறுவனத்தின் முதல் மூன்று டக்கோட்டா விமானங்களுக்கும் பெண்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி. ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு விமானம் என்றால் சென்னைக்குப் போய்ப் பட்டுச்சேலை வாங்கி வரும் வாகனம். எங்கள் தலைமுறைக்குத்தான் அது வேறாகிப்போனது.

நூதனசாலை 1993 இல் பழைய விமானங்களைப் பாதுகாக்கும் இடமாகத் தொடங்கி, 2009 நவம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. பெரிய கொட்டகைக்குள்ளும் வெளியிலும் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிய விமானப்படைத் தம்பிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "அம்மா, மெதுவா வாங்க" என்று மரியாதையாகவே கூட்டிப்போனார். 1951 இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது பயிற்சிக்கு வைத்திருந்த சிப்மங் என்ற சின்ன விமானத்தைக் காட்டினார். பழைய டக்கோட்டாவையும் காட்டினார். பெறாமகள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று அட்டையில் எழுதியிருந்ததைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

சகோதரிகளே, நீங்களும் நானும் விமானங்களைப் பார்த்து அறிந்தவர்கள் அல்லர். சத்தத்தால் அறிந்தவர்கள். ஹெலி என்றால் ஒரு சத்தம், அவ்ரோ என்றால் ஒரு சத்தம். சியாமாச்செட்டி, புக்காரா, சகடை, கிபிர், கடைசிக் காலத்தில் நாள் முழுக்க இரைந்துகொண்டு நின்ற வண்டு. இருட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இது எது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லத் தெரிந்த தாய்மார் நாங்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காத படிப்பு அது.

அப்படி அறிந்த சியாமாச்செட்டி என் முன்னால் நின்றது. என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு பேர் இருக்கக்கூடிய, முன்னால் ஒரு காற்றாடி பூட்டிய சின்ன விமானம். எங்கள் வானை விடக் கொஞ்சம்தான் நீளம் போலிருந்தது.

"இதோ?" என்று கேட்டேன்.

"ஓம் பெரியம்மா. சியாய் மார்க்கெட்டி எண்டது இத்தாலியில செய்த கொம்பனியின்ர பேர். இது பைலற்மாருக்குப் பழக்கிறதுக்கு எண்டு செய்தது. பிறகு ஆயுதம் பூட்டினவை" என்றாள் பெறாமகள்.

இத்தாலிக் கொம்பனியின் பெயரை நாங்கள் செட்டியாராக்கி வைத்திருந்தோம். பொருளாளர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் புக்காரா. ஆர்ஜென்ரீனா நாட்டில் செய்தது. அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியில் புக்காரா என்றால் கோட்டை என்று பொருளாம். கிபிர் என்பது எபிரேயச் சொல், சிங்கக்குட்டி என்று அர்த்தம் என்றும் பிள்ளை சொன்னாள். இஸ்ரேலில் செய்த அந்த விமானம் 1996 இல்தான் இலங்கைக்கு வந்தது. எத்தனை நாட்டுக் கைகள் செய்த பொருட்களின் கீழே நாங்கள் கிடந்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன்.

நாங்கள் வெளியே வந்து நின்றபோது ஓடுபாதையிலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பியது. இரைச்சல் கேட்டதும் என் கால்கள் தாமாகவே மடங்கின. குனிந்துவிட்டேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்டுமில்லை பெரியம்மா, பறக்கப் பழகிற ஆக்களின்ர விமானம். அங்க பாருங்கோ, போயிட்டுது" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். சத்தம் வந்த இடத்தில் விமானம் இல்லை. அது முன்னுக்குப் போய்விட்டிருந்தது.

"ஒலி ஒரு கிலோமீற்றர் வாறதுக்குக் கிட்டத்தட்ட 3 செக்கன் எடுக்கும் பெரியம்மா. ஜெற் விமானம் அந்த 3 செக்கனுக்குள்ள எவ்வளவோ தூரம் போயிடும். சில விமானம் ஒலியை விட வேகமாகவும் போகும். சத்தம் கேட்டுப் பாக்கிறபோது அது எங்களைக் கடந்திருக்கும்" என்று விளக்கினாள்.

அவள் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அது பாடமாக இல்லை. எங்கள் அம்மா காலில் காயப்பட்ட நாளில், சத்தம் கேட்டதும் நான் அவவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லையே, ஒரு நிமிடம் பிந்திவிட்டேனே என்று இத்தனை காலமும் என்னையே நொந்துகொண்டிருந்தவள் நான். சத்தம் வந்து சேரும்போதே காலம் கடந்துவிடும் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உங்களிலும் பலர் இப்படி ஒரு 'பிந்திவிட்டேன்' என்ற சுமையோடு இருப்பீர்கள். அந்தச் சுமை உங்களுடையதல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே இன்னொன்றும் இருந்தது. 2009 பெப்ரவரி 20 இரவு சுட்டு வீழ்த்தப்பட்ட புலிகளின் சிறு விமானத்தின் சிதைவுகள். அன்றிரவு கொழும்பிலும் உயிர்கள் போயின. வளைந்து நெளிந்த அந்தத் தகரங்களின் முன் நாங்கள் பேசாமல் நின்றோம். அதை ஓட்டியவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். கொழும்பில் செத்தவர்களுக்கும் இருந்திருப்பாள்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை. எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு வந்தது, எத்தனை பேர் இருக்கலாம். நன்றாகப் பேணுகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நவாலி தேவாலயம், 1995 யூலை 9. நாகர்கோவில் பள்ளிக்கூடம், 1995 செப்ரெம்பர் 22. வள்ளிபுனம், 2006 ஓகஸ்ற் 14 ஆகியவை நான் வாசித்த அட்டை எதிலும் இல்லை. விமானத்தை மேலிருந்து எழுதினால் ஒரு கதை, கீழிருந்து எழுதினால் இன்னொரு கதை. கீழேயிருந்து பார்த்ததை எழுதி வைக்க எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மாமி இவை ஒன்றையும் கவனிக்கவில்லை. வழிகாட்டிய தம்பியிடம் போய், "தம்பி, யாழ்ப்பாணத்தில இருந்து வாற பிளேன் எங்க இறங்கிறது?" என்று கேட்டார். அவர் ஓடுபாதைப் பக்கம் கையைக் காட்டினார். ஏன் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாது. மாமி கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த அந்த வெட்டுத் துண்டை எடுத்தார். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட துணி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடுபாதையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

"ஒரு மணித்தியாலத்தில போயிடுவன் அம்மா எண்டு சொன்னவள்" என்றார். பிறகு, "இவ்வளவு பெரிய இடம். இறங்கியிருந்தால் ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டு பயந்திருப்பாள்" என்றார். அழவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி, போவம்" என்றார்.

வானில் திரும்பும்போது பெறாமகள் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றையைக் கிழித்தாள். "அம்மம்மா, நான் சொல்லுறதுக்குக் கோவிக்காதேங்கோ. அந்தத் துணியோட ஒரு அட்டை வைப்பம். அங்க வைச்சிருந்த மாதிரி" என்று கேட்டாள். மாமி சொல்லச் சொல்ல எழுதினாள். யாருடைய சட்டை, யார் தைத்தது, எந்தக் கடையில் எடுத்த துணி, எந்தத் திகதி, எங்கிருந்து எங்கே போக வெளிக்கிட்டது. மகளின் பெயரை மாமி தன் கையால் எழுதினார். இரண்டையும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து மூடினோம். அதன் பிறகு மாமி சிலாபம் வரை நித்திரை கொண்டார்.

உங்களிடம் நான் கேட்பதும் இதுவே. எத்தனை இடப்பெயர்விலும் கைவிடாமல் காவிக்கொண்டு வந்த ஒரு பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒரு பள்ளிக்கூட அடையாள அட்டை, ஒரு கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, ஒரு கடிதம். அதை எடுத்து நல்ல துணியால் துடைத்து, காற்றும் ஈரமும் படாமல் உறையில் போடுங்கள். கூடவே ஒரு தாளில் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, அது எப்படி உங்களிடம் வந்தது என்ற நான்கையும் எழுதி வையுங்கள். எழுத வராதென்றால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எழுதும்போது பிள்ளை கேள்வி கேட்கும். பதில் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாததை இன்னொரு நாளைக்கு வைத்துவிடுங்கள். பொருள் மட்டும் இருந்து கதை இல்லாமற்போனால், எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் அதைப் பழைய சாமான் என்று எறிந்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு விமானத்தில் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். 2019 இல் பலாலி மறுபடியும் சென்னைக்குப் பறக்கும் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எங்கள் பயம் எங்களுடையது, அதற்குக் காரணம் உண்டு. அதை அவர்களுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வானத்தில் இரைச்சல் கேட்டது. வழமைபோலக் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தேன். மேலே பார்த்தேன். பிறகு சத்தத்துக்கு முன்னால் தேடினேன். அங்கே வெள்ளையாக, மிகச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அது மறையும் வரை பார்த்துவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.